தெர்மாமீட்டருக்கே காய்ச்சல் வந்தால்?

மின்னணு வெப்பநிலை சென்சார் எதுவும் அறையின் வெப்பநிலையைச் சொல்வதில்லை. தன் உடம்பின் வெப்பநிலையைத்தான் சொல்கிறது. அறையும் அதுவும் ஒரே சூட்டில் இருக்கும் என்று நாமாக நம்பிக்கொள்கிறோம். பெரும்பாலும் அந்த நம்பிக்கை பொய்த்துப் போவதில்லை. ஆனால் சென்சார் வேலை செய்ய மின்சாரம் வேண்டும், மின்சாரம் ஓடினால் சூடு வரும். ஆக, அளக்கிற கருவியே ஒரு குட்டி அடுப்பு. அந்த அடுப்பின் சூட்டையும் சேர்த்துத்தான் அது நமக்கு எண்ணாகக் காட்டுகிறது. ஆங்கிலத்தில் இதற்கு செல்ஃப் ஹீட்டிங் என்று பெயர். இந்தக் கட்டுரையில் தன்சூடு என்று வைத்துக்கொள்வோம்.

அரை டிகிரி, ஒரு டிகிரி கூடக் காட்டினால் என்ன குடிமுழுகிப் போய்விடும் என்று கேட்கலாம். வரவேற்பறைக் கடிகாரத்தில் ஓடுகிற எண் என்றால் ஒன்றும் ஆகாது. காஞ்சிபுரத்துத் தறிக்கூடத்தில், பட்டு நூலை எடை போடுகிற தராசுக்குப் பக்கத்தில் அந்தச் சென்சார் இருந்தால் கதை வேறு. அங்கே ஒரு டிகிரி கிராமாக மாறும், கிராம் காசாக மாறும். எப்படி என்பதுதான் இந்தக் குறிப்பு.

பட்டு தண்ணீர் குடிக்கும்

பட்டு ஒரு புரதம். காற்றில் இருக்கும் நீராவியை அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும், காற்று காய்ந்தால் திருப்பிக் கொடுத்துவிடும். தொட்டுப் பார்த்தால் ஈரமாகவே தெரியாது, ஆனால் எடையில் தெரியும். உலக வணிகத்தில் பட்டுக்கு ஒப்புக்கொண்ட கணக்கு 11%. அதாவது முழுக்க உலர்த்திய 100 கிராம் பட்டு, வணிகக் கணக்கில் 111 கிராம். மீதி 11 கிராம் தண்ணீர். அதற்கும் பட்டு விலைதான்!

இது இன்றைக்கு நேற்று வந்த தலைவலி இல்லை. பிரான்ஸின் லியோன் நகரத்தில் பட்டை உலர்த்தி எடை பார்த்துச் சான்று கொடுப்பதற்கென்றே 1805இல் பொது நிலையம் ஒன்று ஏற்படுத்தினார்கள். விற்பவர் ஈரமான நாளில் எடை போடப் பார்ப்பார், வாங்குபவர் காய்ந்த நாளில் போடப் பார்ப்பார். நடுவில் ஒரு நியாயமான ஆள் தேவைப்பட்டது.

நம் ஊர்ப் பக்கம் வருவோம். காஞ்சிபுரத்தில் கூட்டுறவு சங்கமோ முதலாளியோ நெசவாளருக்குப் பட்டையும் ஜரிகையையும் எடை போட்டுத்தான் கொடுப்பது வழக்கம். சேலை முடிந்து வரும்போது அதையும் எடை போடுவார்கள். கொடுத்தது இவ்வளவு, வந்தது இவ்வளவு, சேதாரம் இவ்வளவு என்று கணக்கு நேராக வேண்டும். நூல் வாங்கியது ஐப்பசி மழையில், சேலை கொடுப்பது வறண்ட ஒரு நாளில் என்றால், யாரும் ஒரு இழையைக்கூடத் தொடாமலே எடை மாறியிருக்கும்.

எடை மட்டுமில்லை, நெசவும் இதில் மாட்டிக்கொள்கிறது. காற்று ரொம்பக் காய்ந்தால் பட்டு இழை விறைக்கும், நிலைமின்னேற்றத்தால் ஒன்றோடொன்று சிலிர்த்துக்கொண்டு நிற்கும், அறுந்து போகும். பழைய குழித்தறியில் தறியே மண்ணோடு ஒட்டி இருப்பதால் தரையின் குளிர்ச்சியும் ஈரமும் பாவுக்குக் கொஞ்சம் கிடைக்கும். சிமெண்ட் தரையும் மாடியறையும் வந்த இடங்களில் அந்தச் சலுகை இல்லை. அதனால்தான் ஈரப்பதம் பார்க்க ஒரு கருவி வாங்கி மாட்டலாம் என்ற எண்ணம் வருகிறது. சில நூறு ரூபாய்க்கு வெப்பநிலை, ஈரப்பதம் இரண்டும் காட்டுகிற சென்சார் கிடைக்கிறது. வாங்கலாம், தப்பில்லை. அது என்ன சொல்கிறது என்று புரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

சூடு எங்கிருந்து வருகிறது?

கணக்கு ரொம்பச் சின்னது. சென்சாருக்குள் செலவாகும் மின்திறனை மில்லிவாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லிவாட்டுக்கு அதன் உடம்பு எத்தனை டிகிரி சூடாகும் என்பது இன்னொரு எண், இதற்கு வெப்பத் தடை என்று பெயர். இரண்டையும் பெருக்கினால் தன்சூடு வந்துவிடும்.

முதல் எண் நம் கையில் இருக்கிறது. எவ்வளவு மின்னோட்டம் விடுகிறோம், எவ்வளவு நேரம் விடுகிறோம் என்பதை நாம்தான் முடிவு செய்கிறோம். இரண்டாவது எண் சென்சாரின் சொந்தக் குணம் மாதிரி தோன்றும், ஆனால் இல்லை. அதில் பாதி, சென்சார் உட்கார்ந்திருக்கும் இடத்தின் குணம். அசையாத காற்றில் சூடு வெளியேற வழி குறைவு. காற்று வீசினால் சீக்கிரம் போகும். எண்ணெயிலோ தண்ணீரிலோ முக்கினால் இன்னும் வேகமாகப் போகும்.

இதற்கு நல்ல சாட்சி எல்எம்35 என்ற பழைய, பிரபலமான சென்சாரின் தரவுத்தாள். கறுப்புப் பிளாஸ்டிக் உடம்பு, மூன்று கால் கொண்ட வகைக்கு அதில் வெப்பத் தடை இப்படிக் கொடுத்திருக்கிறார்கள்: அசையாத காற்றில் ஒரு வாட்டுக்கு 180 டிகிரி, வீசும் காற்றில் 90, அசையாத எண்ணெயில் 90, கலக்கிவிட்ட எண்ணெயில் 45. அதே சென்சார், அதே மின்சாரம், ஆனால் நாலு மடங்கு வித்தியாசம். உலோகத் தொப்பி போட்ட வகைக்கு இது இன்னும் மோசம். அசையாத காற்றில் 400, கலக்கிய எண்ணெயில் 50. எட்டு மடங்கு! உலோகம்தானே, சூட்டை நன்றாகக் கடத்தும் என்று நினைப்போம். உடம்புக்குள் கடத்தும், சரி. அந்தச் சின்ன மேற்பரப்பிலிருந்து காற்றுக்குப் போவதில்தான் சிக்கல்.

சில சென்சார்களின் ஜாதகம்

முதலில் எல்எம்35. இது எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் சுமார் 60 மைக்ரோ ஆம்பியர்தான். 5 வோல்ட்டில் 0.3 மில்லிவாட். அசையாத காற்றில் 0.05 டிகிரிக்குச் சற்று மேல், கவலையே வேண்டாம். ஆனால் இதே சென்சாருக்கு 30 வோல்ட் வரை கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தால் 1.8 மில்லிவாட், தன்சூடு 0.3 டிகிரியைத் தாண்டும். தாங்குகிறது என்பதற்காக வோல்ட்டேஜை ஏற்றினால் அந்தக் கூடுதல் முழுவதும் சூடாகத்தான் போகும்.

அடுத்தது அதன் உறவுக்காரர் எல்எம்335. இது ஜீனர் டயோடு மாதிரி வேலை செய்யும். கெல்வின் ஒன்றுக்கு 10 மில்லிவோல்ட் என்பதால் 30 டிகிரியில் அதன் மேல் சுமார் 3 வோல்ட் நிற்கும். 1 மில்லி ஆம்பியர் விட்டால் 3 மில்லிவாட். இதன் பிளாஸ்டிக் உடம்புக்கு வெப்பத் தடை வாட்டுக்கு 200 டிகிரி அளவு, ஆக 0.6 டிகிரி கூடுதல். தரவுத்தாள் 5 மில்லி ஆம்பியர் வரை அனுமதிக்கிறது. அதையே விட்டால் 15 மில்லிவாட், 3 டிகிரி! விதியை மீறவே இல்லை, ஆனாலும் 3 டிகிரி தப்பு.

மூன்றாவது தெர்மிஸ்டர். சூடு ஏறினால் மின்தடை குறைகிற, மணி அளவே உள்ள துண்டு. 10 கிலோ ஓம் தெர்மிஸ்டரையும் 10 கிலோ ஓம் மின்தடையையும் வரிசையாகக் கோத்து 5 வோல்ட் கொடுப்பது வழக்கமான சுற்று. தெர்மிஸ்டரில் செலவாவது 0.6 மில்லிவாட் போல வரும். சிறிய தெர்மிஸ்டர்களில் பலவற்றுக்கு அசையாத காற்றில் 2 மில்லிவாட்டுக்கு ஒரு டிகிரி என்று வைத்துக்கொண்டால் 0.3 டிகிரி. இதே சுற்றில் இரண்டையும் 1 கிலோ ஓமாக மாற்றிப் பாருங்கள். மின்திறன் பத்து மடங்கு, தன்சூடு 3 டிகிரி. வரைபடத்தில் ஒரு பூஜ்யம் குறைந்தது, அவ்வளவுதான் நடந்தது.

நான்காவது பிளாட்டினம், பிடி100. 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம். தொழிற்சாலைகளில் துல்லியத்துக்குப் பேர் போனது. 1 மில்லி ஆம்பியர் விட்டால் 0.1 மில்லிவாட், தன்சூடு ஒரு டிகிரியில் நூறில் சில பங்கு. சமிக்ஞை பெரிதாகக் கிடைக்கட்டும் என்று 5 மில்லி ஆம்பியர் விட்டால் மின்திறன் ஐந்து மடங்கு இல்லை, இருபத்தைந்து மடங்கு. ஏனென்றால் மின்திறன் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. நூறில் சில பங்காக இருந்தது இப்போது ஒரு டிகிரியை நெருங்கும்.

ஐந்தாவது, பொழுதுபோக்கு மின்னணுக்காரர்கள் எல்லோர் கையிலும் இருக்கும் டிஎஸ்18பி20. அளக்கும் நேரத்தில் சுமார் 1 மில்லி ஆம்பியர் எடுக்கும். 5 வோல்ட்டில் 5 மில்லிவாட். முழுத் துல்லியத்தில் ஒரு அளவீட்டுக்கு முக்கால் விநாடி வரை ஆகும். ஒன்று முடிந்ததும் அடுத்தது என்று ஓய்வில்லாமல் கேட்டுக்கொண்டே இருந்தால், வெப்பத் தடையை எல்எம்35 அளவுக்கே வைத்தாலும் 0.9 டிகிரி என்று கணக்கு வரும். கம்பிகள் வழியாகக் கொஞ்சம் சூடு கசிந்தால் இது குறையும். நிமிடத்துக்கு ஒரு முறை மட்டும் கேட்டால்? சராசரி மின்திறன் 0.06 மில்லிவாட்டுக்கு இறங்கிவிடும், தன்சூடு கண்ணுக்கே தெரியாது. சென்சாரை மாற்றவில்லை, நச்சரிப்பதை நிறுத்தினோம்.

தெர்மோகப்பிளை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. இரண்டு உலோகக் கம்பிகளின் சந்திப்பு தானே மின்னழுத்தத்தை உண்டாக்குவதால் அதற்குள் மின்னோட்டம் விட வேண்டிய வேலை இல்லை. தன்சூடு என்ற பிரச்சினையே கிட்டத்தட்ட கிடையாது. அதற்கு வேறு தொல்லைகள் உண்டு, அது இன்னொரு நாள்.

எண்ணெய்த் தொட்டியில் நல்ல பிள்ளை

இந்தக் கதையில் முக்கியமான திருப்பம் இங்கேதான். எல்எம்335 தரவுத்தாளில் துல்லியத்துக்கான அட்டவணைக்கு ஓர் அடிக்குறிப்பு உண்டு. அந்தத் துல்லிய எண்கள் நன்றாகக் கலக்கப்பட்ட எண்ணெய்த் தொட்டியில் எடுத்தவை, வேறு சூழலில் தன்சூட்டை நீங்கள்தான் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது அதன் சாரம். சூடு மிக எளிதாக வெளியேறும் இடத்தில் தேர்வு வைத்து மார்க் போட்டிருக்கிறார்கள். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, வெளிப்படையாகவே சொல்கிறார்கள். அடிக்குறிப்பை நாம் படிப்பதில்லை.

நாம் வீட்டில் செய்யும் சோதனையும் இதே வகைதான். புதுச் சென்சார் வாங்கியதும் என்ன செய்வோம்? ஐஸைப் பொடித்து, தண்ணீர் ஊற்றி, கலக்கி, சென்சாரை நீர் புகாமல் முக்கிப் பார்ப்போம். 0.0 காட்டினால் திருப்தி. அருமையான சோதனைதான், ஆனால் அது தன்சூட்டை மறைத்துவிடும். கலங்கிய தண்ணீர் சென்சாரின் சூட்டை உடனுக்குடன் வாங்கிக்கொண்டு போய்விடுகிறது. அதே சென்சாரை எடுத்துக் காற்று அசையாத மூலையில் மாட்டினால் அரை டிகிரி ஏறி நிற்கும். ஐஸில் சரியாகத்தானே இருந்தது என்று நாம் குழம்புவோம். அங்கேயும் அது பொய் சொல்லவில்லை, இங்கேயும் சொல்லவில்லை. இரண்டு இடத்திலும் தன் உடம்புச் சூட்டைத்தான் சொன்னது.

காஞ்சிபுரத்திலேயே இரண்டு இடங்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒன்று சாயப் பட்டறை. பட்டின் பசையை நீக்கச் சோப்புத் தண்ணீர் கொதிநிலையை நெருங்கிக் காய வேண்டும், சாயத் தொட்டியும் சூடாக இருக்க வேண்டும். தொட்டியில் முக்கிய பிடி100க்குத் தன்சூடு ஒரு பொருட்டே இல்லை. தண்ணீர் பார்த்துக்கொள்ளும். இன்னொன்று தறிக்கூடம். காற்று அசையாத மூலை, அல்லது தறிக்குழியின் உள்பக்கம். அங்கே அதே சென்சார் தன் சூட்டிலேயே குளிர்காயும். சாயத்துக்குச் சரியாக இருந்த கருவி தறிக்கும் சரியாக இருக்கும் என்று நினைப்பது இங்கேதான் தவறுகிறது. சாயத் தொட்டியில் ஒரு டிகிரி போனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. தறிக்கூடத்துக் காற்றில் ஆகும்.

பக்கத்து வீட்டு அடுப்பு

இதுவரை பார்த்தது சென்சாரின் சொந்தச் சூடு. நடைமுறையில் பெரிய வில்லன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான்.

கடையில் வாங்கும் அல்லது நாமே செய்யும் பெட்டியில் சென்சார் மட்டுமா இருக்கிறது? வைஃபை சில்லு இருக்கிறது, 5 வோல்ட்டை 3.3 வோல்ட்டாக்கும் ரெகுலேட்டர் இருக்கிறது, திரை இருக்கிறது. இஎஸ்பி8266 பலகை தொடர்ந்து வைஃபையில் இணைந்திருந்தால் சராசரியாக 80 மில்லி ஆம்பியர் போல எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். 5 வோல்ட் யுஎஸ்பியிலிருந்து அது 400 மில்லிவாட். சென்சாரின் சொந்தச் சூட்டை மில்லிவாட்டில் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தோம். இது நானூறு! உள்ளங்கை அளவு மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் இந்த 400 மில்லிவாட் போனால், உள்ளே இருக்கும் காற்று வெளியைவிட 2, 3 டிகிரி ஏறி நிற்பது சாதாரணம்.

பிஎம்இ280 என்ற சென்சாரைப் பற்றி, இரண்டு டிகிரி கூடக் காட்டுகிறது, மட்டமான சரக்கு என்று புலம்பல்கள் கேட்டிருப்பீர்கள். பெரும்பாலும் சரக்கின் மேல் தப்பில்லை, வைத்த இடத்தின் மேல்தான். சுற்றி இருக்கும் சூட்டைப் பொறுத்து இது அறையைவிடக் கூடுதலாகத்தான் காட்டும் என்பதை அதைத் தயாரிக்கும் பாஷ் நிறுவனமே தன் தரவுத்தாளில் சொல்லியிருக்கிறது. வானிலை பார்க்க நிமிடத்துக்கு ஒரே ஒரு அளவீடு போதும், மற்ற நேரம் தூங்க வையுங்கள் என்பதும் அதில் உள்ள பரிந்துரை.

ஒரு டிகிரி எத்தனை கிராம்?

இப்போது பட்டுக்குத் திரும்புவோம். ஈரப்பதம் என்று நாம் சொல்லும் சதவீதம், காற்றில் இருக்கும் நீராவியை அந்த வெப்பநிலையில் காற்றால் அதிகபட்சம் தாங்க முடிகிற நீராவியோடு ஒப்பிட்டு வருவது. அந்த அதிகபட்சம் வெப்பநிலையோடு வேகமாக ஏறும். 30 டிகிரியில் 42.4 மில்லிபார், 31இல் 44.9, 32இல் 47.6, 33இல் 50.3.

தறிக்கூடத்தில் உண்மையில் 30 டிகிரி, 75% என்று வைத்துக்கொள்வோம். காற்றில் உள்ள நீராவி 31.8 மில்லிபார். பெட்டிக்குள் அதே நீராவிதான் போகிறது, ஆனால் பெட்டி 3 டிகிரி சூடு. 31.8ஐ 50.3ஆல் வகுத்தால் 63%. திரையில் 33 டிகிரி, 63% என்று வரும். வெப்பநிலையில் 3 டிகிரி தப்பு, ஈரப்பதத்தில் 12% தப்பு. ஒரு டிகிரிக்குச் சுமார் 4% என்று ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

63% என்றால் 65% என்ற நியம நிலைக்கு ரொம்பப் பக்கம். இன்றைக்கு நூல் சரியான பதத்தில் இருக்கிறது, எடையைத் திருத்த வேண்டாம் என்று தோன்றும். உண்மையில் அறை 75%இல் இருக்கிறது. இந்த எல்லையில் ஈரப்பதம் 10% கூடினால் பட்டு தன் உலர்ந்த எடையில் தோராயமாக ஒன்றரை, இரண்டு சதவீதம் தண்ணீரைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். நியமக் கணக்கில் 500 கிராம் வரவேண்டிய பட்டு, நின்று ஊறிய பிறகு இங்கே 507, 509 கிராம் இருக்கும். தராசு பொய் சொல்லாது. 509 என்று எழுதிக் கொடுப்பார்கள். கத்திரி வெயிலில் சேலை திரும்பி வரும்போது அந்த 9 கிராம் ஆவியாகிப் போயிருக்கும், காய்ந்த காற்று இன்னும் கொஞ்சம் பிடுங்கியிருக்கும். கணக்கில் பட்டு குறைகிறது. யார் பதில் சொல்வது? தறியில் உட்கார்ந்தவர்தான்.

கருவி இல்லாத காலத்தில் இது மழை எடை, வெயில் எடை என்று ஆளுக்கு ஆள் விட்டுக்கொடுத்துப் பேசித் தீர்க்கக்கூடிய விஷயம். திரையில் 63.0 என்று தசமப் புள்ளியோடு வந்துவிட்டால் பேச்சுக்கு இடமில்லாமல் போகிறது. அளவீட்டுப் பிழையில் எனக்குப் பயம் தருவது இதுதான். எண் எவ்வளவு நேர்த்தியாக இருக்கிறதோ அவ்வளவு சுலபமாக அதை நம்பிவிடுகிறோம்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. பெட்டி சூடானாலும் உள்ளே இருக்கும் நீராவியின் அளவு மாறவில்லை என்று பார்த்தோம் அல்லவா? அதனால் சென்சார் காட்டும் இரண்டு எண்களையும் சேர்த்தால் நீராவி அழுத்தம் சரியாகவே வரும். 33 டிகிரியின் 50.3ஐ 63%ஆல் பெருக்கினால் 31.7. பக்கத்தில் ஒரு சாதாரணக் கண்ணாடி வெப்பமானி 30 காட்டுகிறது என்றால், 31.7ஐ 42.4ஆல் வகுங்கள். 75%. கெட்டுப்போன எண்ணுக்குள்ளிருந்து நல்ல எண் திரும்பி வந்துவிட்டது. கண்ணாடி வெப்பமானிக்கு மின்சாரமே வேண்டாம் என்பதால் அதற்குத் தன்சூடு கிடையாது.

கண்டுபிடிப்பது எப்படி?

ஆய்வகம் எதுவும் வேண்டாம். மூன்று வழிகள்.

முதல் வழி, அணைத்துப் போடுவது. கருவியை அணைத்து ஒரு மணி நேரம் அறையிலேயே விடுங்கள். பிறகு போட்டவுடன் வரும் முதல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சென்சார் இன்னும் அறையின் சூட்டில்தான் இருக்கிறது, அதனால் அதுதான் உண்மைக்கு மிக நெருக்கம். பிறகு எண் ஏறும். சென்சாரின் சொந்தச் சூடு என்றால் சில நிமிடங்களில் ஏறி நின்றுவிடும். பெட்டியின் சூடு என்றால் அரை மணி, ஒரு மணி நேரம் மெதுவாக ஏறும். ஏறிய அளவுதான் பிழை, ஏறிய வேகம்தான் குற்றவாளி யார் என்று காட்டிக்கொடுக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் அறையே சூடாகிவிடாதபடி காலை வெயிலையும் மதியத்தையும் தவிர்த்துச் சாயங்காலத்தில் செய்யுங்கள்.

இரண்டாவது வழி, சின்ன மேசை விசிறி. விசிறி காற்றைக் குளிர்விக்காது. நமக்குக் குளிர்வது வியர்வை ஆவியாவதால்தான். சென்சாருக்கு வியர்க்காது. ஆகவே விசிறியைத் திருப்பியதும் எண் இறங்கினால் தன்சூடு இருக்கிறது என்று அர்த்தம். சீலிங் ஃபேன் வேண்டாம். காய்ந்த மேல்தளத்துக்குக் கீழே தேங்கிய சூடான காற்றை அது இழுத்துக் கீழே விடும், கணக்கு குழம்பிவிடும்.

மூன்றாவது வழி, இரட்டை மின்னோட்டம். மின்னோட்டத்தை நாமே மாற்ற முடிகிற பிடி100, தெர்மிஸ்டர் போன்றவற்றுக்கு இது. முதலில் 1 மில்லி ஆம்பியரில் ஒரு அளவீடு. பிறகு 1.414 மில்லி ஆம்பியரில் இன்னொன்று. 1.414 இரண்டின் வர்க்கமூலம் என்பதால் மின்திறன் சரியாக இரட்டிப்பாகும், தன்சூடும் இரட்டிப்பாகும். இரண்டு அளவீடுகளுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவோ அதுதான் 1 மில்லி ஆம்பியரின் தன்சூடு. முதல் எண்ணிலிருந்து அதைக் கழித்தால், மின்சாரமே விடாமல் அளந்திருந்தால் என்ன வந்திருக்குமோ அது கிடைத்துவிடும்! அளவியல் ஆய்வகங்களில் நியம பிளாட்டின வெப்பமானிகளுக்குச் செய்வதும் இதேதான். ஆயிரத்தில் ஒரு பங்கு டிகிரிகூட அங்கே பெரிய விஷயம்.

குறைப்பது எப்படி?

மேலே சொன்ன கணக்கிலேயே வழியும் இருக்கிறது. மின்னோட்டத்தைக் குறையுங்கள். தெர்மிஸ்டரில் பெரிய மின்தடை உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். அளக்கும் நேரத்தில் மட்டும் மின்சாரம் கொடுத்து மற்ற நேரம் அணைத்து வையுங்கள். அறையின் வெப்பநிலை விநாடிக்கு விநாடி மாறப்போவதில்லை.

சென்சாரைப் பெட்டிக்கு வெளியே எடுங்கள். ஒரு அடி கம்பியில் தனியாகத் தொங்கவிட்டால் பக்கத்து வீட்டு அடுப்பின் சூடு பெரும்பாலும் வராது. முடியாவிட்டால் பெட்டியின் அடிப்பக்கத்தில் வையுங்கள். சூடான காற்று மேலே போகும், ரெகுலேட்டருக்கு மேல் சென்சாரை வைப்பது அடுப்புக்கு மேல் வைப்பது போலத்தான். சில பலகைகளில் சென்சாரைச் சுற்றிச் சின்னச் சின்ன பிளவுகள் வெட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். செம்புத் தகடு வழியாகச் சூடு நடந்து வராமல் இருக்கத்தான் அந்த அகழி.

செய்யக்கூடாத ஒன்றும் உண்டு. பிழை 2 டிகிரி என்று கண்டுபிடித்ததும் மென்பொருளில் 2ஐக் கழித்துவிட்டுத் தூங்கப் போவது. அந்த 2 ஒரு மாறிலி இல்லை. ஜன்னலைத் திறந்தால் 1 ஆகும், பெட்டியைச் சுவரோரம் தள்ளினால் 3 ஆகும், வைஃபை பலவீனமாகி அடிக்கடி முயன்றால் இன்னும் ஏறும். கழிப்பதைவிட விலக்குவது நல்லது.

ஈரப்பதத்துக்கு ஒரு நல்ல நடுவர் வேண்டும் என்றால் ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானி இருக்கிறது. இரண்டு கண்ணாடி வெப்பமானி, ஒன்றில் ஈரத்துணி. கையில் பிடித்துச் சுழற்றும் வகையை நூற்பாலைகளில் பல காலமாக வைத்திருக்கிறார்கள். அதற்குச் சார்ஜர் வேண்டாம். வாரம் ஒரு முறை அதைச் சுழற்றிப் பார்த்து மின்னணுக் கருவியோடு ஒப்பிட்டால் போதும்.

இதே பிழை சில இடங்களில் வேலைக்காரனாகவும் இருக்கிறது. சூடாக்கிய கம்பி காற்றில் எவ்வளவு குளிர்கிறது என்று பார்த்துக் காற்றின் வேகத்தைச் சொல்லும் கருவி உண்டு. கார் எஞ்சினுக்குள் போகும் காற்றை அளப்பதும் அதே தத்துவம்தான். 1906இல் மார்செல்லோ பிரானி செய்த வெற்றிட அளவியும் இப்படித்தான், காற்று குறையக் குறையக் கம்பி குளிர்வது குறையும். வெப்பநிலையைத் தெரிந்துகொள்ள நினைத்தால் தன்சூடு பிழை. சுற்றி என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள நினைத்தால் அதுவே செய்தி.

தறிக்கூடத்தில் ஒரு சென்சார் மாட்டுவதற்கு முன் விலையையும் தரவுத்தாளின் முதல் பக்கத்தையும் மட்டும் பார்க்காமல் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இது எத்தனை மில்லிவாட் தின்கிறது? தின்ற சூடு எந்த வழியாக வெளியே போகும்? இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் திரையில் வரும் எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதும் தெரிந்துவிடும். பிறகு அந்த எண்ணை வைத்து எடையைப் பேசலாம்.